வெந்நீரின் வரலாறு: கன்னியா முதல் மஹாஓயா வரை

இலங்கையின் வெந்நீரூற்றுகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை இரண்டு கட்டாகக் கட்டி வைக்கலாம். முதல் கட்டில் இருப்பதெல்லாம் "இது யாருடையது?" என்ற கேள்விக்கு எழுதப்பட்ட பதில்கள். இராவணன் கதை, கோயில் கதை, விகாரைக் கதை, திணைக்களத்தின் அறிவித்தல் பலகை, நீதிமன்றக் கட்டளை எல்லாம் அதற்குள் அடங்கும். இரண்டாவது கட்டில் இருப்பவை "இது ஏன் சுடுகிறது?" என்று புவிச்சரிதவியலாளர்கள் எழுதிய ஆய்வுகள். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எங்கட பாடசாலைப் பிள்ளைகளின் கைக்கு அவை வந்து சேர்வது அபூர்வம்.

மூன்றாவதாகவும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தச் சூட்டை மனிதர் எதற்குப் பாவித்தார்கள்? இனி எதற்குப் பாவிக்கலாம்? வரலாற்றை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது "யாருடையது" என்ற முதல் கேள்விக்கும் வேறொரு பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலுக்காகத்தான் இக்கட்டுரை.

ஏழு கிணறுகள்

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கிண்ணியா வேறு, கன்னியா வேறு. கிண்ணியா நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர். கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்தில், அனுராதபுர வீதியை விட்டுச் சற்று உள்ளே இருக்கிற இடம். மலைநாட்டில் இருக்கிற நாங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

கன்னியாவில் சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் இருக்கின்றன. ஆழம் அதிகமில்லை. குனிந்து வாளியால் அள்ளி மேலில் ஊற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. ஒன்றில் வெதுவெதுப்பு, இன்னொன்றில் ஊற்றிய உடனே மூச்சை இழுக்க வைக்கிற சூடு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆழத்திலிருந்து ஏறி வரும் சுடுதண்ணியோடு மேல்மட்டத்துப் பச்சைத்தண்ணி எந்த அளவுக்குக் கலக்கிறதோ, அந்த அளவுக்குச் சூடு குறையும். பொதுவாக 35 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும்.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்யத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான், அதுவே ஏழு கிணறாயிற்று என்பது கதை. இந்துக்கள் இன்றைக்கும் அங்கே அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். கதையை நம்புகிறவர், நம்பாதவர் எல்லாருமே அங்கே குளிக்கிறார்கள். திருகோணமலை மாவட்டம் மூவின மக்களும் வாழ்கிற, எந்த ஓர் இனமும் பாதியை எட்டாத மாவட்டம். மூட்டு வலிக்காரர், தோல் வருத்தக்காரர், சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் என்று வரிசையில் நிற்பவர்களிடம் வாளி கேட்கும்போது யாரும் பெயரைக் கேட்பதில்லை.

வெள்ளைக்காரர் காலத்திலும் இது பேர்போன இடமாகத்தான் இருந்தது. இராணுவ வைத்தியராக இங்கே வந்து, 1821இல் இலங்கையின் உள்நாட்டைப் பற்றிய நூலை வெளியிட்ட ஜோன் டேவி கன்னியாவைப் பற்றி எழுதியிருக்கிறார். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இந்தக் கிணறுகளின் சூடு பருவத்துக்குப் பருவம் 85 முதல் 115 பாகை பரன்ஹைட் வரை மாறுவதாகக் குறித்தார். செல்சியஸில் சொன்னால் ஏறக்குறைய 29 முதல் 46.

அந்தக் குறிப்புகளுக்குள் ஒரு மீன் கதை இருக்கிறது. ரெய்னோ என்ற பிரெஞ்சுக்காரர், கன்னியா ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் மீன் பிடித்தார். தண்ணீரின் சூடு அப்போது 37 பாகை ரோமர், அதாவது செல்சியஸில் ஏறக்குறைய 46. இந்தச் சூட்டில் மீன் உயிர்வாழ்கிறதே என்ற ஆச்சரியத்தில் அதைப் பாரிஸுக்கு, அந்தக் காலத்தின் பெரிய விலங்கியலாளர் குவியேருக்கு அனுப்பிவைத்தார். கன்னியா மீன்களுக்குத் 'தெர்மாலிஸ்' என்று, அதாவது 'வெந்நீரைச் சேர்ந்தது' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1846இல் வலென்சியென் என்பவர் கன்னியாவிலிருந்து கிடைத்த இன்னொரு சிறு மீனுக்கும் அதே பெயரை இட்டார். அந்த மீன் வேறொன்றுமில்லை, நம்முடைய அயிரை. லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்பது அதன் இன்றைய விஞ்ஞானப் பெயர். தமிழ்நாட்டில் மதுரைக்காரர் குழம்பு வைத்துச் சாப்பிடுகிற அயிரையும் இதே பெயரில்தான் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சாதாரண ஆற்றிலும் வயலிலும் வாழ்கிற ஒரு மீன், கன்னியாவின் சூட்டைத் தன் பெயரில் சுமந்துகொண்டு திரிகிறது.

1904ஆம் ஆண்டு

இலங்கையில் எரிமலை கிடையாது. அப்படியென்றால் சூடு எங்கிருந்து வருகிறது? வகுப்பில் இதைக் கேட்டால் "கீழே கந்தகம் எரியுது சேர்" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூமிக்குள் போகப்போகச் சூடு கூடும். சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை கூடும் என்பது பொதுக் கணக்கு. மூன்று கிலோமீற்றர் இறங்கினால், எரிமலையே இல்லாத இடத்திலும் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நெருங்கிவிடலாம். இந்தச் சூட்டின் மூலத்தை விளங்கிக்கொள்வதில் 1904 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் மூன்று இடங்களில் மூன்று காரியங்கள் நடந்தன. அதில் ஒன்று நம் நாட்டில் நடந்தது.

லண்டனில் ரதர்போர்ட் ஓர் உரை நிகழ்த்தினார். பூமி என்பது ஆறிக்கொண்டிருக்கும் ஒரு சூட்டுக்கட்டி மட்டுமே என்று கணக்குப் போட்டு, அதன் வயதைச் சில கோடி ஆண்டுகளுக்குள் அடக்கியிருந்தார் கெல்வின் பிரபு. அவர் சபையில் இருக்கும்போதே, கதிர்வீச்சு மூலகங்கள் சிதையும்போது புதிய வெப்பம் பிறக்கிறது, எனவே பூமி அந்தக் கணக்கைவிட மிகப் பழையதாக இருக்கலாம் என்று ரதர்போர்ட் எடுத்துச் சொன்னார்.

இலங்கையில் கனிய அளவைத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். அவருடைய முதல் துறை புவிச்சரிதவியல். பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் சரளையில் கறுப்பான, கனமான ஒரு கனியத்தை அவர் கண்டெடுத்தார். 1904இல் அது தோரியனைட் என்று பெயர் பெற்றது. தோரியம் மிகச் செறிந்த கனியம் அது. பூமியை உள்ளிருந்து சூடாக்கும் மூலகங்கள் முக்கியமாக மூன்று: யுரேனியம், தோரியம், பொட்டாசியம். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி இவற்றின் சிதைவிலிருந்து வருகிறது என்பது இன்றைய மதிப்பீடு. மீதி, பூமி உருவானபோதே உள்ளே தங்கிவிட்ட பழைய சூடு.

மூன்றாவது சம்பவம் இத்தாலியில். லார்தரெல்லோ என்ற இடத்தில் நிலத்திலிருந்து நீராவி சீறிக்கொண்டு வரும். 1827இலிருந்தே லார்தரெல் என்ற தொழிலதிபர் அந்தச் சூட்டைப் பாவித்து போரிக் அமிலம் காய்ச்சினார். ஊருக்கு வந்ததும் அவர் பெயர்தான். 1904 யூலை 4ஆம் திகதி பியரோ ஜினோரி கொந்தி என்பவர் அதே நீராவியால் ஒரு சிறு பொறியை ஓட்டி ஐந்து மின்குமிழ்களை எரிய வைத்தார். 1913இல் அது முறையான மின்நிலையமாயிற்று.

சூட்டின் காரணம், அந்தக் காரணத்தைச் சுமக்கும் கல், அந்தச் சூட்டிலிருந்து வெளிச்சம். மூன்றும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. கல் கிடைத்த நாடு இன்றைக்கும் அந்தச் சூட்டில் குளித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது.

மழைத்தண்ணியின் பயணம்

இலங்கையின் வெந்நீரூற்றுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். வடகிழக்கில் கன்னியா, ரன்கிஹிரிய. பொலன்னறுவைப் பக்கத்தில் நெலும்வெவ. அம்பாறை மாவட்டத்தில் மஹாஓயா, கபுரெல்ல, வஹவ. தெற்கே ஹம்பாந்தோட்டையில் மஹாபெலெஸ்ஸ. மலைநாட்டின் கிழக்குப் பக்கமாக, வடக்கிலிருந்து தெற்காக வளைந்து போகும் ஒரு கோட்டை ஒட்டியே அனேகமாக எல்லாம் இருக்கின்றன. உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று இரண்டு மிகப் பழைய பாறைத் தொகுதிகள் ஒன்றோடொன்று மோதிப் பொருந்திய எல்லை அது. மோதிய இடத்தில் பாறை வெடித்திருக்கிறது. மழைத்தண்ணி அந்த வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. கந்தகமும் எரியவில்லை, எரிமலையும் ஒளிந்திருக்கவில்லை.

இந்த விளக்கத்தைக் கட்டியெழுப்பியதில் எங்கட கண்டிக்குப் பெரிய பங்குண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்கவும் எச். ஏ. எச். ஜயசேனவும் 1988இல் இலங்கை வெந்நீர்த் தொகுதிகளின் தோற்றம் பற்றி ஒரு சர்வதேச ஆய்விதழில் எழுதினார்கள். ஹந்தானையில் இருக்கிற தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தார், பூமியின் இயற்கையான மின்காந்த அலைவுகளை அளந்து வெந்நீரூற்றுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து வந்திருக்கிறார்கள்.

தண்ணீரிடமே கேட்டு ஆழத்தின் சூட்டை அறிகிற ஒரு முறையும் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்ததோ அவ்வளவுக்குப் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். மேலே வரும்போது சூடு ஆறிவிடும், கரைந்த சிலிக்கா உடனே விட்டுப் போகாது. அதை அளந்தால் கீழே இருந்த சூட்டைக் கணக்கிடலாம். இலங்கை ஊற்றுகளில் இப்படிப் பார்த்தபோது ஆழத்தில் 100 பாகையை ஒட்டியும் அதைத் தாண்டியும் சூடு இருப்பதாகக் கணிப்புகள் வந்தன. மேற்பரப்பிலோ 60 பாகையைத் தாண்டுகிற இடங்கள் மிகச் சிலவே.

கண்டியிலிருந்து கிழக்குக்கு

மடவளையிலிருந்து கிழக்கே மட்டக்களப்புக்குப் போகிறவர் மஹியங்கனை, பதியத்தலாவ வழியாகப் போனால் மஹாஓயாவைத் தாண்டித்தான் போகவேண்டும். பாதையை விட்டுச் சற்று விலகினால் வெந்நீர்க் கிணறுகள். கன்னியாவைவிட இங்கே சூடு அதிகம். மிகச் சூடான கிணறு 50 பாகைக்கு மேல். பச்சைத்தண்ணி கலக்காமல் மேலில் ஊற்ற முடியாது.

கண்டியையும் கிழக்குக் கரையையும் இணைத்த இந்தத் திசை, மலைநாட்டு முஸ்லிம்களின் வரலாற்றில் சாதாரணத் திசை அல்ல. 1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்த கடலோடி ஸ்பில்பேர்கன் பிந்தன்னை வழியாகத்தான் கண்டி மன்னனைக் காண வந்தார். பிந்தன்னை என்பது இன்றைய மஹியங்கனைப் பகுதி. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626இல் செனரத் மன்னன் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்பில் குடியேற்றினான். கண்டி அரசின் போக்குவரத்து நிர்வாகமான மடிகே பத்தவில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டத்தோடு உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கு கீழே இறங்கிற்று. லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இந்த வணிகத்தை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

பொதிமாட்டோடு நடப்பவன் தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் இரவு தங்குவான். நாள்முழுக்க நடந்த காலுக்குச் சுடுதண்ணி என்ன அருமை என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆகவே தவள வழிகளையும் வெந்நீரூற்றுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கிற ஆய்வு ஒன்று நமக்குத் தேவை. அக்குறணை, மடவளை, மாத்தளைப் பக்கத்துப் பழைய குடும்பங்களிலும் ஏறாவூர், காத்தான்குடிப் பெரியவர்களிடமும் கேட்டுப் பதிவு செய்தால் இந்த வரலாற்றின் ஒரு பக்கமாவது நிரம்பும். மூத்தவர்கள் மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலைக்குக் காலம் அதிகமில்லை.

வேற நாடுகள் செய்தது

நிலத்தின் சூட்டை ஒழுங்காகப் பங்கிட்டுக்கொள்வது புதிய சங்கதி அல்ல. பத்தாம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்முகத்தஸி, தபரிய்யா நகரைப் பற்றி எழுதும்போது, அந்நகரின் ஹம்மாம்களுக்கு விறகே தேவையில்லை, வெந்நீரூற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள் என்ற கருத்தில் குறிப்பிடுகிறார். ஊற்று ஓரிடத்தில், பயன் ஊர் முழுக்க. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் 1930இல் குழாய் போட்டு வீடுகளைச் சூடாக்கத் தொடங்கியபோது செய்ததும் இதே காரியத்தின் பெரிய வடிவம்தான்.

கென்யாவில் ஒல்காரியா மின்நிலையம் 1981இல் தொடங்கியது. இன்று அந்நாட்டின் மின்சாரத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் நிலத்தடி வெப்பத்திலிருந்து வருகிறது. அதே வட்டாரத்தில் பூச்செடி வளர்க்கும் கண்ணாடி மனைகளுக்கும் இந்தச் சூடு போகிறது. இந்தோனேசியாவில் 1926இலேயே ஜாவாவின் கமோஜாங்கில் துளையிட்டார்கள். ஆனால் இவையெல்லாம் எரிமலை நாடுகள். எங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த இடம் அலாஸ்காவில் இருக்கிற சேனா. அங்கே 2006இலிருந்து வெறும் 74 பாகைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். குளிரூட்டிப் பெட்டியில் ஓடுகிற மாதிரியான ஒரு திரவத்தை அந்தச் சூட்டால் ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியை ஓட்டுகிறார்கள்.

"74இல் ஏலுமென்றால் எங்கட 55இல் ஏலாதா?" என்று கேட்கத் தோன்றும். இங்கே நிதானம் வேண்டும். மின்சாரம் கிடைப்பது சூட்டினால் மட்டுமல்ல, சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தினால். சேனாவில் ஆவியை ஆற்றுவதற்கு ஏறக்குறைய 4 பாகைத் தண்ணீர் கிடைக்கிறது. வித்தியாசம் 70. மஹாஓயாவில் பச்சைத்தண்ணியே 27 பாகைக்குக் குறையாது. வித்தியாசம் 28. மேலே வருகிற தண்ணியை வைத்து மின்சாரம் எடுப்போம் என்று மேடையில் பேசுகிறவரின் பேச்சை இந்த ஒரு கழித்தலோடு நிறுத்திவிடலாம். ஆழத்தில் துளையிட்டு 100 பாகைக்கு மேற்பட்ட தண்ணியை எடுத்தால் கதை வேறு. அதற்குச் செலவும் ஆய்வும் வேண்டும்.

செலவு குறைந்த வழி உலர்த்தல். மிளகு, மிளகாய், சோளம், நிலக்கடலை, கருவாடு எதற்கும் 50, 60 பாகைக் காற்று தாராளம். மழை நாளில் மிளகு பூஞ்சணம் பிடித்து விலை இறங்குகிற வேதனை எங்கட தோட்டக்காரர்களுக்குத் தெரியும். கென்யாவில் எபுரு என்ற ஊரில் சுதந்திரத்துக்கு முன்னிருந்தே நிலத்து நீராவியால் பைரித்திரப் பூ உலர்த்தினார்கள். ஆனால் சூட்டைச் சாக்கில் கட்டி லொறியில் ஏற்ற ஏலாது. அது பிறக்கிற இடத்திலேயே பாவிக்கவேண்டும். ஆகவே முதல் உரிமையும் முதல் பயனும் மஹாஓயாவிலும் பதியத்தலாவையிலும் பயிரிடுகிற விவசாயிக்கே. அவர் எந்த இனம் என்பது சோளத்துக்குத் தெரியாது.

யாருடையது?

இனி முதல் கேள்விக்கு வருவோம். உள்ளூராட்சி சபை பராமரித்து வந்த கன்னியா, 2011ஆம் ஆண்டளவில் தொல்பொருள் திணைக்களத்தின் கைக்குப் போயிற்று. பௌத்த வரலாறு சொல்லும் பலகை வந்தது. அங்கே இருந்த பிள்ளையார் கோயிலின் அத்திவாரத்தின் மேல் விகாரை எழப்போகிறது என்ற அச்சத்தில் 2019 யூலையில் தமிழ் மக்கள் திரண்டார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது.

இது தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான வழக்கு, நமக்கென்ன என்று முஸ்லிம் எழுத்தாளர் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. பழைய இடமொன்றில் ஒரு பலகை நட்டவுடன் அங்கே தலைமுறையாகப் போய்வந்தவன் வெளியாளாகிவிடுவதை நாமும் அனுபவித்திருக்கிறோம். அதற்காக நாமும் ஒரு கபுறைக் காட்டி, ஒரு கதையைச் சொல்லி, நான்காவது பலகை நடுவது தீர்வாகாது.

கிரியை செய்ய வருகிறவர் கிரியை செய்யட்டும். தொல்பொருள் இருந்தால் அது பாதுகாக்கப்படட்டும். ஆனால் தண்ணீரின் வரலாறு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அது எங்கோ விழுந்த மழை. யாருடைய எல்லையையும் பார்க்காமல் பாறைக்குள் இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு ஏறி வந்திருக்கிறது. அதை மூட்டு வலிக்காரனும், ஈமக்கடன் செய்கிற மகனும், பாரிஸுக்கு மீன் அனுப்பிய பிரெஞ்சுக்காரனும் பாவித்திருக்கிறார்கள். பாவிப்பின் வரலாறு எழுதப்பட்டால் அதில் எல்லாருக்கும் இடமிருக்கும். உரிமையின் வரலாறு மட்டும் எழுதப்பட்டால் ஒருவர் உள்ளே, மற்றவர் வேலிக்கு வெளியே.

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றிருக்கிறது. கன்னியாவுக்கும் மஹாஓயாவுக்கும் சுற்றுலா போகிற பாடசாலைகள் ஒரு வெப்பமானியைக் கையோடு கொண்டு போகட்டும். ஒவ்வொரு கிணற்றின் சூட்டையும் திகதியோடு பிள்ளைகள் குறித்து வரட்டும். மடவளைப் பிள்ளையும், ஏறாவூர்ப் பிள்ளையும், திருகோணமலைப் பிள்ளையும், பதியத்தலாவைச் சிங்களப் பிள்ளையும் எழுதும் எண்களை ஒரே அட்டவணையில் சேர்க்கலாம். பத்து வருடத்தில் அது ஆய்வாளருக்கும் பயன்படும் ஓர் ஆவணமாகும். டெனன்ட் குறித்து வைத்ததால்தான் அன்றைய சூடு இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. இன்றைய சூட்டை எங்கட பிள்ளைகள் குறித்து வைக்கட்டும்.